ஆஃபர் கையில், சேரும் தேதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளாகத் தேர்வில் தேர்வாகியும் அழைப்பு வராமல் காத்திருக்கும் வேலூர், இராணிப்பேட்டை மாவட்டப் பட்டதாரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், வந்திருப்பது என்ன கடிதம் என்று பாருங்கள். 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' (வேலை தர எண்ணம் உண்டு என்று மட்டும் சொல்லும் கடிதம்) என்றிருந்தால் அது பணி நியமனம் ஆகாது. ஆஃபர் லெட்டரே ஆனாலும், சேரும் தேதி 'நிறுவனத் தேவையைப் பொறுத்து' என்றிருந்தால், தள்ளிப்போட அவர்கள் வழி வைத்துக்கொண்டார்கள் என்று பொருள். 'ஆஃபர் இன்னும் செல்லுபடியாகிறதா, எந்தத் தேதி வரை?' என்று எச்.ஆருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் சொல்லும் பதில் பின்னால் எதற்கும் உதவாது.

சம்பளத்தையும் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கைக்கு வராது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும் சேர்ந்து 3,600, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 720 அளவில் அதிலிருந்தே போகும். 10 சதவீதம் 'வேரியபிள்' (செயல்திறனைப் பொறுத்துத் தரும் பகுதி) என்றால் இன்னொரு 3,000. மிஞ்சுவது சுமார் 22,700. சென்னையில் ஹாஸ்டல், சாப்பாடு போக என்ன நிற்கும் என்று வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

காத்திருக்கும் காலத்துக்கு அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்) பயிற்சி நல்ல வழி. மத்திய அரசின் 'நாட்ஸ்' (தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம்) தளத்தில் பதிய வேண்டும். இராணிப்பேட்டை பெல் போன்ற ஆலைகளின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். ஓராண்டு, உதவித்தொகை உண்டு. அப்ரென்டிஸ் சட்டப்படி சேர்பவருக்கு பி.எஃப். பிடித்தம் கிடையாது. ஆனால் இடையில் ஏதாவது கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து பி.எஃப். கணக்கு தொடங்கிவிட்டால், அதைப் பிறகு மறைக்காதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். வேலை போவது அந்த வேலையைப் பார்த்ததால் அல்ல, மறைத்ததால்தான்.

குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டு செல்லவே செல்லாது என்று சீனியர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். பொதுத்துறை வங்கி ஒன்றின் 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றமே 2025-இல் ஏற்றிருக்கிறது. தொகை, காலம் இரண்டையும் படித்துப் பாருங்கள். அசல் சான்றிதழையோ வெற்றுக் காசோலையையோ யாரிடமும் கொடுக்காதீர்கள். லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் அது மோசடி என்றே வையுங்கள். கட்டி ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஓர் ஆஃபர் கிடைத்தால் அடுத்த நேர்காணலுக்கு அனுமதி இல்லை என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. படிப்பு முடிந்து ஆறு மாதமாகியும் தேதி வராதவர்களை, அடுத்த பேட்ச் மாணவர்களோடு மறுபடி உட்கார அனுமதிக்க வேண்டும்.

– வாசகர், காட்பாடி