முதலில் செதுக்கல், பிறகுதான் துளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கணினி இயக்கி வெட்டும் சி.என்.சி. மெஷினில் வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்வது பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, துளைகளை முதலில் போட்டுவிட்டு, மின்சாரம் ஓடும் செம்புத் தடங்களைப் பிறகு செதுக்கச் சொல்கிறது. ஒருபக்கச் செம்புப் போர்டுக்கு இந்த வரிசை சரிவராது. புதிதாகக் கற்பவர்கள் அப்படியே செய்தால் போர்டும் வீண், பிட்டும் (வெட்டும் முனை) வீண்.

போர்டின் மேல் இருக்கும் செம்பு வழக்கமாக 35 மைக்ரான்தான். கூம்பு நுனியுள்ள வி-பிட் 0.1 மி.மீ. இறங்கினால் போதும். ஆனால் போர்டு ஒரே மட்டமாக இருக்காது. மூலைக்கு மூலை 0.2 மி.மீ. ஏற்ற இறக்கம் இருக்கலாம். அதனால்தான் செதுக்குமுன் பிட் நுனியால் செம்பை ஆங்காங்கே தொட்டு உயரங்களைப் பதிவு செய்கிறோம். துளை போட்ட போர்டில் நுனி ஒரு துளைக்குள் விழுந்தால், அந்த இடம் பள்ளம் என்று தவறாகப் பதிவாகிவிடும்; நுனி ஒடியவும் கூடும். துளை விளிம்பில் எழும்பிய பிசிறில் பட்டாலோ, அந்த இடம் மேடு என்று கணக்காகிவிடும். அதைச் சுற்றிச் செம்பு அறுபடாமல் நிற்கும். டிரில் மேலே ஏறும்போது போர்டையும் சேர்த்து இழுப்பதால், அடியில் ஒட்டிய டேப் தளர்வதும் உண்டு.

இவற்றைவிடப் பெரிய காரணம் சோதனை. செதுக்கி முடித்ததும் போர்டைக் கழற்றாமல், தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை (மின் அளவி) பீப் நிலையில் வைத்துப் பக்கத்துப் பக்கத்துத் தடங்களைத் தொட்டுப் பாருங்கள். எங்காவது ஒலித்தால் இடையில் செம்பு மிச்சம் இருக்கிறது; அதே பிட், அதே உயரப் பதிவு, 0.03 மி.மீ. கூடுதல் ஆழம்: அதே செதுக்கல் கோப்பை (கணினி ஃபைல்) இன்னொரு முறை ஓட்டினால் போதும். 0.1 மி.மீ. நுனியுள்ள 30 டிகிரி பிட்டில் வெட்டின் அகலம் 0.15 மி.மீ.; இந்தக் கூடுதல் ஆழத்தால் அது 0.02 மி.மீ.கூட அகலாது. துளை போட பிட்டை மாற்றிவிட்டால் இந்த வசதி போயிற்று.

பிட்டைக் கழற்றுமுன் இன்னொரு வேலை: துளை மையங்களில் அதே வி-பிட்டால் 0.15 மி.மீ. குழி வையுங்கள். மெல்லிய டிரில் வழுக்காது. பிறகு ரெசிஸ்டர், ஐ.சி. கால்களுக்கு 0.8, ஹெடர் பின்களுக்கு 1 மி.மீ. கார்பைடு டிரில். 1.6 மி.மீ. போர்டுக்கு 2 மி.மீ. ஆழம், அடியில் பழைய பலகை. பிட் மாற்றும்போது இசட் பூஜ்யத்தை (உயரத்தின் தொடக்கப் புள்ளி) மட்டும் புதிதாக வைக்க வேண்டும். எக்ஸ், ஒய் பக்கமே போகக்கூடாது. பின்னால் துளையிட்டால் பேட் (துளையைச் சுற்றிய செம்பு வட்டம்) பெயர்ந்துவிடுமே என்பார்கள். மழுங்கிய டிரிலில் அது நடக்கும். கூரான டிரிலும், 0.8 துளைக்கு 1.8 மி.மீ. பேடும் இருந்தால் அந்தப் பயம் வேண்டாம்.

இருபக்கப் போர்டு மட்டும் விதிவிலக்கு. புரட்டிப் பொருத்துவதற்கான பின் துளைகளை, அவற்றை மட்டும், போர்டின் எல்லைக்கு வெளியே முதலிலேயே போட்டாக வேண்டும். வெளிவிளிம்பை அறுப்பது எப்போதும் கடைசி: 2 மி.மீ. எண்ட் மில் (பக்கவாட்டிலும் வெட்டும் பிட்), ஒரு சுற்றுக்கு 0.4 மி.மீ. ஆழம், போர்டு பெயர்ந்துவிடாமலிருக்க நான்கு இடங்களில் அறுக்காமல் விட்ட பாலங்கள்.

கண்ணாடி இழைத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசமும் உறிஞ்சு குழாயும் இல்லாமல் மெஷினை ஓட்டக்கூடாது என்பதையும் சேர்த்து, திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்