காயைக் கிள்ளினால்தான் இரண்டாம் பூ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வெளிநாடு வாழ் தமிழர்களுக்கான தோட்டக் குறிப்பில், லில்லி போலப் பூக்கும் டேலில்லி செடியைப் பற்றி, 'டேலில்லியில் மறுபடி பூக்கும் ரகமாகப் பார்த்து வாங்கினால் போதும்' என்று எழுதியிருந்தீர்கள். குளிர் நாட்டில் அது போதாது. மயூர் விகார் நாலாம் மாடி பால்கனியில் மூன்று தொட்டி வைத்திருப்பவளுக்கு இது எப்படித் தெரியும் என்றால், அமெரிக்காவின் வடக்கே, குளிர் கடுமையான மினசோட்டாவில் மகள் வீட்டுத் தோட்டத்தில் சில கோடைகள் மண் கொத்தியிருக்கிறேன்.

முதல் தடவை படத்தைப் பார்த்து மயங்கி, வெப்பமான தென்கோடி ஃப்ளோரிடாவின் நர்சரி ஒன்றிலிருந்து பெரிய ஊதாப் பூ ரகத்தை வரவழைத்தோம். இரண்டு முறை பூக்கும் என்று போட்டிருந்தது. பொய்யில்லை, அங்கே பூக்கும். மினசோட்டாவில் ஜூலைக் கடைசியில்தான் முதல் பூவே வந்தது. செப்டம்பரில் இரண்டாவது தண்டு எழும்பி ஆறு மொட்டு வைத்தது. அக்டோபரில் ஒரே ராத்திரி உறைபனி. காலையில் தொட்டால் வேகவைத்த வெண்டைக்காய் மாதிரி கொழகொழ. குளிர்காலத்திலும் இலை காயாத ரகம் வேறு. அடுத்த வசந்தத்தில் கிழங்கே அழுகிக் கிடந்தது.

அப்புறம்தான் 'ஸ்டெல்லா டி ஓரோ' வைத்தோம். வால்டர் ஜப்லோன்ஸ்கி உருவாக்கி, 1975-ல் பதிவான குட்டை ரகம். "பெட்ரோல் பங்க் வாசலில் எல்லாம் இதுதானே!" என்று மாப்பிள்ளை முகம் சுளித்தார். சுளிக்கட்டும். குளிரில் இலை முழுக்கக் காய்ந்து தூங்கும், ஜூனிலேயே பூத்துவிடும். முந்திப் பூத்தால்தானே இன்னொரு தண்டு விட நாள் மிச்சமிருக்கும்?

ஆனால் சும்மா விட்டால் பூக்காது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நாள்தான் ஆயுசு. வாடிய பூவின் அடியில் பச்சையாகக் காய் திரளும்; அதை விட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும். தினமும் காலையில் கிள்ள வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நட வேண்டும், இல்லையென்றால் நெருக்கியடித்துப் பூ குறையும். புதிதாக நட்டதற்கு, மண் உறைந்த பிறகு வைக்கோல் மூடாக்கு போட்டால் நல்லது. மண் உறைந்து உருகி வேரை வெளியே தள்ளாமல் காக்கும்.

அடுத்த முறை இந்தக் குறிப்பு வரும்போது, 'சீக்கிரம் பூக்கிற, குளிரில் இலை காய்கிற ரகம்' என்ற ஒரு வரியையாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விகார், டெல்லி