மூன்றாவதை விட்டுவிடுவாயே

பாப்பா,

அம்மா எழுதுகிறேன். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன், வைக்கட்டா" என்கிறாய், அதனால் காகிதத்தில். அப்பாவுக்குச் சுகர் இறங்கியிருக்கிறது. கோயில் கொடைக்கு நீ வராததைச் சித்தி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், விடு. சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைக்காமலே யாரிடமோ "ஏழாம் பெட் போயிருச்சு, ஷீட் மாத்தச் சொல்லுங்க" என்றது காதில் விழுந்தது. நானும் நர்ஸாகக் காலமெல்லாம் பெட் நம்பர் சொன்னவள்தான். ஷிஃப்ட் மாறும்போது வேறெப்படிச் சொல்வது? ஆனால் அந்த ஏழாம் பெட் பாட்டியைப் பற்றி முந்தின வாரம்கூட எவ்வளவு சொன்னாய்! மூக்குத்தியைக் கழற்ற மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தது, மாஸ்க் அழுத்தாமலிருக்க நீ அதைச் சுற்றிக் காஸ் துணி மடித்து வைத்தது. தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். வந்து படுத்திருப்பது வெறும் நுரையீரல் இல்லை என்று என் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதே.

நான் ஜி.என்.எம். நர்ஸிங் டிப்ளமோ படித்தபோது எங்களுக்குப் பாடம் நைட்டிங்கேல்தான். நோயாளியின் பார்வையில் படும்படி உட்கார்ந்து பேசு, உன்னைப் பார்க்க அவர் தலையைத் திருப்பும்படி வைக்காதே என்று 1859இலேயே எழுதிவைத்த அம்மா. உனக்கு ஜீன் வாட்சன், நர்ஸின் பரிவைப் பத்து அம்சமாக 1979இல் எழுதியவர். பரீட்சைக்கு முந்தின ராத்திரி நான் தோசை ஊற்ற ஊற்ற அந்தப் பத்தையும் ஒப்பித்தாய். மனிதநேய மதிப்பீடுகள், விசுவாசமும் நம்பிக்கையும் என்று வந்து, ஒவ்வொரு தடவையும் மூன்றைத் தாண்டி நாலுக்குப் போய்விடுவாய். தன்னிடமும் பிறரிடமும் கூருணர்வோடு இருப்பது, அதுதான் மூன்றாவது. புத்தகத்தைக் கையில் வைத்துத் திருத்தியவள் நான், எனக்கு மறக்காது.

ஐ.சி.யு.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது நர்ஸிங் கவுன்சில். உனக்கு நாலு பேர், அதில் இரண்டு வென்டிலேட்டர். திருப்பிப் படுக்கவைத்து, சளியை உறிஞ்சி எடுக்கச் சக்ஷன் போட்டு, சார்ட் எழுதவே பொழுது போய்விடும். முழு மனிதரையும் பார் என்று பாடம் நடத்துகிறவர்கள் ஆளையும் போட வேண்டும். உன்னை நான் குறை சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் வார்டில் யாராவது போய்விட்டால் சீனியர் சிஸ்டர் எங்களை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்து டீ வரவழைப்பார். அந்தப் பத்து நிமிஷம் யாரும் கூப்பிடக் கூடாது. அழுகிறவள் அழுவாள், சும்மா இருக்கிறவள் இருப்பாள். உங்கள் இடத்தில் அப்படி யாராவது உண்டா? இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். பாட்டி போனதை நீயாக ஏன் என்னிடம் சொல்லவில்லை?

வியாழக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. அப்பாவைச் சித்தி பார்த்துக்கொள்வாள். நைட் முடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடி வராதே, தூங்கு. ஆட்டோ பிடித்து நானே வந்துவிடுவேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை.

அம்மா