லிவர்னாய் சலூனுக்கு வந்து நின்றவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

டெட்ராய்ட் லிவர்னாய் சாலையில் மூன்று சனிக்கிழமைகள் கறுப்பின ஆண்களுக்காக நடந்த புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் ஒருவழியாக முடிந்தது. சலூன்காரருக்கும் சபையாருக்கும் ஞாயிறு ஆராதனையிலேயே நேரில் நன்றி சொல்லிவிட்டேன். நோவையிலிருந்தும் கேன்டனிலிருந்தும் வந்து நின்ற உங்களுக்குத்தான் பாக்கி.

முதல் வாரக் கதை உங்களில் பலருக்குத் தெரியாது. தேவாலயக் கூடத்தில் மேசை போட்டு, ‘இலவச ரத்தப் பரிசோதனை’ என்று பேனர் கட்டி, ஒன்பது மணிக்கே உட்கார்ந்துவிட்டோம். மதியம் வரை வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர். பேனர் என் யோசனை. அதைப் பார்த்த சலூன்காரர், இலவசம் என்றும் ரத்தம் என்றும் ஒரே துணியில் எழுதினால் கறுப்பினத்தவருக்கு டஸ்கீகிதான் ஞாபகம் வரும் என்றார். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிபிலிஸ்) கண்ட கறுப்பின ஆண்களிடம் ‘கெட்ட ரத்தத்துக்கு’ வைத்தியம் என்று சொல்லி, இலவசச் சாப்பாடும் போட்டு, பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல் அரசே வேடிக்கை பார்த்தது. இருபது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், எனக்கு இது உறைக்கவில்லை.

பேனரைச் சுருட்டிவிட்டு, சலூன்காரர் அடுத்த வாரம் முகாமைத் தன் கடைக்கே மாற்றினார். எல்லாரும் பார்க்க, தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து முதல் ஆளாகச் சட்டைக்கையை மடித்தார். காத்திருப்போருக்கு அங்கே ஆறு இருக்கைகள். கறுப்பின ஆண்களில் ஆறில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தப் புற்று வருகிறது, இதனால் இறப்பது வெள்ளையரைவிட இருமடங்கு என்று முடி வெட்டிக்கொண்டே சொன்னார். பெஞ்சில் இருந்த ஆறு பேரும் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். ‘பின்பக்கம் விரல் விட்டுப் பார்ப்பீர்களா?’ என்று ஒரு பெரியவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். இங்கே ஊசி மட்டும்தான் என்றதும் கடையே சிரித்தது. அப்புறம் வரிசை வாசலைத் தாண்டியது.

ட்ராய் டாக்டர் அக்கா, உங்களுக்குத் தனி வணக்கம். பி.எஸ்.ஏ. எண் (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவு) கூடினாலே புற்று என்று அர்த்தமில்லை, சுரப்பி வீங்கினாலும் கிருமி தொற்றினாலும் ஏறும், குறைவாக இருந்தால் நோயே இல்லை என்றும் சொல்ல முடியாது என்று ரத்தம் எடுக்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினீர்கள். கேட்டுவிட்டு ‘வேண்டாம்’ என்று எழுந்துபோனவர்களையும் நீங்கள் விரட்டிப் பிடிக்கவில்லை. அதில் இருவர் அடுத்த வாரம் தாங்களாகவே வந்தார்கள், ஒருவர் தன் தம்பியோடு. கறுப்பின ஆண்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால், 45 வயதிலேயே டாக்டரிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டிய ஆட்கள் இவர்கள். அந்தத் தம்பிக்கு 46.

ரத்தம் எடுத்த குழாய்களைப் பரிசோதிக்க வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஓர் ஆய்வகம் வெள்ளி மாலை கைவிரித்தது. ராத்திரி பதினொரு மணிவரை போன் போட்டு வேறு இடம் பிடித்த கேன்டன் அண்ணாவுக்கு நன்றி. அரை மணி உறையவிட்டு, மெஷினில் சுற்றி எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும். ஒரு குழாய்கூட வீணாகவில்லை. எண் கூடியவர்களை மேல் பரிசோதனைக்குக் காரில் கூட்டிப்போய், கூடவே காத்திருந்து, வீட்டில் இறக்கிவிட்டவர்கள் பெயர் போட வேண்டாம் என்றீர்கள். சரி, போடவில்லை.

எலுமிச்சை சாதம் அனுப்பிய வீட்டாருக்கு ஒரு தகவல்: சலூன்காரர் செய்முறை கேட்கிறார், பெருங்காயத்தை எப்படி விளக்குவதென்று தெரியாமல் முழிக்கிறேன். உங்கள் எவர்சில்வர் தூக்கு என்னிடம் இருக்கிறது. யாருடையவோ இரண்டு மடக்கு நாற்காலிகளும் என் கராஜில் கிடக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், டீ போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நர்ஸ் அக்கா