வராத விடைக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு வயதில் சாதித்த விஞ்ஞானிகளைப் பற்றி எழுதும்போது, வயதோடு நிறுத்திவிடாமல் அவர்கள் சோதனை செய்த விதத்தையும் எழுதினால் மாணவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

வில்லியம் பெர்கினையே எடுத்துக்கொள்வோம். 1856 ஈஸ்டர் விடுமுறை. லண்டனில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த அவருக்கு வயது 18. மலேரியாவுக்கான கொயினா மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முடியுமா என்று தன் வீட்டு ஆய்வகத்தில் முயன்றார். கொயினா வரவில்லை. அனிலீன் என்ற வேதிப்பொருளிலிருந்து ஒரு கறுப்புக் கசடுதான் மிஞ்சியது. வேறு யாராக இருந்தாலும் கழுவி ஊற்றியிருப்பார்கள். அவரோ அதை ஆல்கஹாலில் கரைத்துப் பார்த்தார். அழகான ஊதா நிறம் வந்தது. பட்டுத்துணியில் தோய்த்தார். சோப்பு போட்டும், வெயிலில் வைத்தும் சாயம் போகவில்லை. அந்த ஆகஸ்டிலேயே காப்புரிமை பெற்றார். அப்புறம், அப்பாவின் பணத்தில் சாயத் தொழிற்சாலையே தொடங்கினார். செயற்கைச் சாயத் தொழில் வளர வழி திறந்தது இப்படித்தான்.

நம் பள்ளிகள் பலவற்றில் ஆய்வகக் கதவு திறப்பதே செய்முறைத் தேர்வு நெருங்கும்போதுதான். எதிர்பாராத விளைவு வந்தால், ஏன் வந்தது என்று கேட்க நேரமில்லை. புத்தகத்தில் உள்ள விடையை ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டால் சரி. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. வாரத்தில் ஒரு பாடவேளையாவது, மதிப்பெண் இல்லாமல், மாணவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கக் கல்வித்துறை ஒதுக்க வேண்டும்.

– வேதியியல் ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர்