ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதாமே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் ஒரு வரி: ‘பிறந்த குழந்தையின் அட்ரீனல் சுரப்பியில் கட்டி தெரிந்தால் அது புற்றுநோய்; ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அகற்றிவிட வேண்டும்.’ எழுதியவருக்கு வேலை முடிந்தது. அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வருகிற பெற்றோரிடம் பேச வேண்டியவர்கள் நாங்கள்.

சிறுநீரகத்தை ஒட்டிய அந்தச் சுரப்பியில் பச்சிளங்குழந்தைக்குத் தெரிவது பல நேரம் வெறும் ரத்தக்கட்டு. பிரசவம் சிக்கலாகி, பிள்ளை மூச்சுத் திணறிப் பிறந்தால் சுரப்பிக்குள் ரத்தம் கசியும், வலப்பக்கம்தான் அதிகம். மஞ்சள் காமாலை இழுத்துக்கொண்டே போகும், ஹீமோகுளோபின் இறங்கும். டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் கட்டிக்குள் ரத்த ஓட்டம் இருக்காது. சில வாரம் விட்டு விட்டு ஸ்கேன் எடுத்தால் நீர்த்துச் சுருங்கி, கடைசியில் சுண்ணாம்புப் பொட்டாக நிற்கும். இதற்கா கத்தி?

சரி, இளங்குழந்தைகளுக்கு வரும் நரம்புத்திசுப் புற்றுநோயான நியூரோபிளாஸ்டோமாவாகவே இருக்கட்டும். அமெரிக்காவின் சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப் 2012இல் வெளியிட்ட ஆய்வு தாங்கள் அறியாததல்ல. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, வேறெங்கும் பரவாத குழந்தைகள். திடக்கட்டி என்றால் 3.1 செ.மீ., நீர்க்கட்டி என்றால் 5 செ.மீ. வரை. அறுக்காமல் கண்காணித்தார்கள். கட்டியின் கன அளவோ, அந்தக் கட்டியால் சிறுநீரில் கூடும் விஎம்ஏ, ஹெச்விஏ என்ற வேதிப்பொருள்களின் அளவோ 50 சதவீதம் கூடினால் அறுவை சிகிச்சை. ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு அது தேவைப்படவே இல்லை. மூன்றாண்டுக் கணக்கில் ஓர் இறப்பும் இல்லை. கண்காணிப்பு என்றால் சொன்ன தேதிக்கு ஸ்கேனுக்கு வருவது. வீட்டில் சும்மா இருப்பதல்ல.

இந்தப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க, தங்கள் இதழ் முன்பு ‘எல்லாக் குழந்தைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை’ என்றும் உபதேசித்தது. ஜப்பான் 1985 முதல் ஆறு மாதக் குழந்தைகளுக்கு நாடெங்கும் அதைச் செய்தது. தானாகக் கரையக்கூடிய கட்டிகள்தான் கூடுதலாக மாட்டின, 2004இல் நிறுத்திவிட்டார்கள்.

அவசரப்பட வேண்டிய இடத்தில் மட்டும் தங்களுக்கு நிதானம்! மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு மறைவிடத்தில் ரோமம், முகத்தில் பரு என்று ஒரு தாய் எழுதியதற்கு, ‘பிராய்லர் கோழியைக் குறையுங்கள்’ என்று பதில் வந்தது. அந்த வயதில் முதலில் தேட வேண்டியது அட்ரீனலின் வெளிப்பகுதியான புறணியில், ஆண் ஹார்மோன் சுரக்கும் கட்டி. ரத்தத்தில் டிஹெச்இஏ-எஸ், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களின் அளவைப் பார்த்து, வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். ஊசி குத்திச் சதை எடுக்கவும் கூடாது; உறை கிழிந்தால் வயிற்றுக்குள் சிதறிவிடும். அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கருநீலம், காய்ச்சல், நொண்டி நடை என்றால் நியூரோபிளாஸ்டோமா பரவியிருக்கலாம்; அதற்கும் அன்றைக்கே மருத்துவமனைதான், கண்ணேறு கழிப்பதல்ல.

மறுப்பு வெளியிடுவீர்கள் என்ற நம்பிக்கை இல்லை. அட்ரீனல் சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருப்பது. தங்கள் ஓவியர் அடியில் தொங்கவிட்டிருக்கிறார். அந்தப் படத்தையாவது மாற்றுங்கள்.

குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர்,
மதுரை