சிவப்பு மை

நாங்குநேரி
மாசி 12

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். போனில் பேசலாம்தான். "அப்புறம் பேசறேன்ப்பா" என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ வரவில்லை. சரி, வேலை இருந்திருக்கும். பறவைக் கணக்கெடுப்பை இந்த வருஷம் நான் தனியாகவே செய்தேன். 2015இல் தொடங்கியதிலிருந்து நீ இல்லாமல் நான் போனது இதுதான் முதல் தடவை. கூந்தன்குளத்துக்கு முதல் பஸ். வரித்தலை வாத்துகள் வந்திருந்தன. நீ சொல்லித்தந்தபடி பின்தலையில் இரண்டு கருப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்த்தே எழுதினேன். நாமக்கோழிக்கு நெற்றியில் அந்த வெள்ளை நாமம் போதும், தப்பாது. கொக்குகளில்தான் தடுமாறிவிட்டேன். மூக்கு மஞ்சளாக இருந்த சின்ன உருவத்தை உண்ணிக்கொக்கு என்று எழுதினேன். கருப்பு மூக்கு, கருப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. ஆனால் அது சேற்றில் நின்றால் பாதத்தை எப்படிப் பார்ப்பது? அது காலைத் தூக்கும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன், இருபது நிமிஷம்.

திரும்பும்போது வரப்பில் ஒரு மடையான் கொக்கு. உட்கார்ந்திருந்தவரை மண்ணோடு மண்ணாக இருந்தது. காலடிக்குப் பக்கத்தில் எழும்பிப் பறந்தபோதுதான் அத்தனை வெள்ளை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கண்ணில் படவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

உன்னோடு படித்த மேலத்தெருப் பையன் வந்திருந்தான். பெங்களூரில் உன்னைப் பார்த்தானாம். "மெலிஞ்சு போயிட்டான் மாமா" என்றான். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். நானும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி வெறும் டீயோடு படுக்காதே.

இந்த ஊரில் பத்து வயதில் ஆள்காட்டிக் குருவிகளை முகத்தைப் பார்த்தே பிரித்துச் சொன்னவன் நீ ஒருவன்தான். சிவப்புத் தொங்கு சதையா, மஞ்சளா என்று பெரியவர்களுக்கே காட்டிக்கொடுப்பாய். அதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு வீட்டுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா? அம்மா தினமும் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறாள். பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் கொல்லையில் குயில் கூவியது. முதல் சம்பளத்தில் நீ வாங்கித்தந்த பைனாகுலரை எடுத்துக்கொண்டு போனேன். பப்பாளி மரத்தில் இரண்டு இருந்தன. கருப்பு ஒன்று கூவிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது இன்னொன்று. மண் நிற முதுகில் ரவையை அள்ளித் தெளித்தது போல வெள்ளைப் புள்ளி, வாலில் குறுக்கே வரிகள். தலையைத் திருப்பியது. இரண்டுக்கும் ஒரே மாதிரி ரத்தச் சிவப்புக் கண்.

பரணில் ஏறி உன் அஞ்சாம் வகுப்பு நோட்டைத் தேடி எடுத்தேன். அதே பறவை, அதே புள்ளி. கீழே நீ எழுதியிருந்தாய்: "இதுவும் குயில். கண் சிவப்பு." அதன் மேல் குறுக்கே என் சிவப்பு மைக் கோடு. "தவறு. குயில் கருப்பு."

அன்று உன்னை பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். "பாக்காததைப் பாத்தேன்னு சொல்லாதே" என்றேன். நீ "பாத்தேன் சார்" என்றாய். வகுப்பில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாய். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அன்று ராத்திரி நீ அப்பா என்று கூப்பிடவில்லை.

இதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று சாயங்காலமே விலங்கியல் வாத்தியாரைக் கேட்டேன். பெண் குயில் அப்படித்தான் இருக்கும் என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது, செந்தில். மறுநாள் வகுப்பில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் முன்னால் என் பேச்சு தப்பாகிவிடும் என்று சும்மா இருந்துவிட்டேன். நோட்டில் அதற்குப் பிறகு ஒரு படமும் இல்லை, எல்லாம் வெறும் பக்கம். கண்ணால் பார்த்ததை எனக்குக் காட்டுவதை நீ அன்றோடு விட்டுவிட்டாய் என்று இப்போதுதான் புரிகிறது.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். மையை அழிக்க முடியவில்லை. பக்கத்தில் "சரி" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

வேலையைப் பற்றி நான் கேட்கமாட்டேன். நீயாக எதைச் சொன்னாலும், எப்படிச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். வாத்துகள் இன்னும் கிளம்பவில்லை. வருவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல், எந்நேரமானாலும் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வந்து நிற்பேன். அம்மா பருப்புப் பொடி இடித்து இதோடு வைத்திருக்கிறாள். சோறு மட்டுமாவது வடித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா